முதுமைக்குச் சேர்க்க வேண்டிய முதல்

ஐம்பது வயதைக் கடந்த நடுத்தரக் குடும்பத்தார் இருவர் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டால், க்ஷேமலாபங்களை விசாரித்த பிறகு அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் சேமிப்பைப் பற்றியே திரும்புகிறது. சேமநல நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, பணிக்கொடை எவ்வளவு வரும், வீட்டுக் கடன் எப்போது அடையும், பெண்ணின் கல்யாணத்துக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சும் என்றெல்லாம் அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கு அவசியமானதுதான். அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு வாழப்போகும் இருபது இருபத்தைந்து வருஷங்களில், ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழித்தவுடன் எந்தக் காரியத்தை நோக்கி மனம் செல்லப்போகிறது என்ற கேள்வியை அவர்களில் மிகச் சிலரே தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார்கள். முதுமைக்கென்று பொருளைச் சேர்த்து வைக்கிற நாம், முதுமைக்கென்று ஒரு தொழிலைச் சேர்த்து வைப்பதில்லை. நம் முதியோரில் பலரை வாட்டுகிற மனச்சோர்வுக்கு வியாதியும் வறுமையும் தனிமையும் காரணமாவது போலவே இந்தக் குறையும் ஒரு பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சம்பளம் வருகிற உத்தியோகத்தை மட்டும் நான் தொழில் என்று சொல்லவில்லை. பிறருக்கோ, ஊருக்கோ, ஒரு கலைக்கோ, ஒரு சாஸ்திரத்துக்கோ பயன்படும்படி ஒருவர் சிரத்தையோடு செய்கிற எந்தக் காரியமும் தொழில்தான். ஓய்வு பெறுகிற நாளில் உத்தியோகம் முடிகிறது. தொழிலும் அன்றே முடிந்துபோக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த நாளைக் குறிக்கிற வயதெல்லைகூட வைத்தியர்கள் மனித தேகத்தை ஆராய்ந்து வகுத்தது அன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ஆம் வருஷத்தில் முதியோருக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது எல்லை 70 வயதாக இருந்தது. 1916-இல் அதை 65 ஆகக் குறைத்தார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு நெடுங்காலம் 58 என்று இருந்த எல்லை, 2020 மே மாதத்தில் 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. பத்து மாத காலத்துக்குள் அது இரண்டு முறை நகர்ந்ததற்கு நிர்வாகத்தின் தேவை காரணமே தவிர, மனித உடம்பில் நேர்ந்த மாறுதல் எதுவும் காரணம் இல்லை. ஆயினும் அந்த ஓர் எண்ணை மனிதர்கள் தங்கள் சக்தியின் எல்லையாகவே எண்ணிவிடுகிறார்கள். பிரிவுபசார விழாவில் மாலையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஆறு மாதத்துக்குள், அதுவரை நிமிர்ந்து நடந்தவர் தளர்ந்து நடப்பதை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம்.

நம் முன்னோர்கள் அறுபதாம் ஆண்டை வேறு விதமாகக் கொண்டாடினார்கள். பிரபவ முதல் அக்ஷய ஈறாக அறுபது வருஷங்களும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒருவர் பிறந்த அதே வருஷம் மீண்டும் பிறக்கிறபோது, சஷ்டியப்தபூர்த்தி என்ற பெயரால் மறுபடியும் திருமாங்கல்யம் பூட்டி, மக்களும் பேரக் குழந்தைகளும் சூழ்ந்திருக்க அதை ஒரு கல்யாணமாகவே நடத்துகிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. திருக்கடவூர்க் கோயிலுக்குச் சென்றால் எந்த நாளிலும் இத்தகைய தம்பதிகளைக் காணலாம். ஒரு சுற்று முடிந்தது, அடுத்த சுற்று தொடங்குகிறது என்ற எண்ணம் அந்தச் சடங்கில் அடங்கியிருக்கிறது. சடங்கை விடாமல் காப்பாற்றிவருகிற நாம் அந்த எண்ணத்தையும் காப்பாற்றியிருக்கலாம்.

இரண்டாவது சுற்றை எப்படித் தொடங்குவது என்பதற்கு, நம் காலத்திலேயே, நம் மதுரையிலேயே ஒரு மகத்தான திருஷ்டாந்தம் இருக்கிறது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள வடமலாபுரம் என்னும் கிராமத்தில் 1918-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. தம் குடும்பத்துப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் நொந்து, பிரசவ வைத்தியராக வேண்டும் என்ற சங்கற்பத்தோடு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1944-இல் பட்டம் பெற்று ராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் அவரைப் பிடித்தது. முப்பது வயதில் ராணுவத்திலிருந்து விலகி, நீண்ட காலம் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தபோது, அவருடைய கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. அந்தக் கைகளைக் கொண்டு பிரசவம் பார்க்க இயலாது என்று தெரிந்ததும், அவர் கண் வைத்தியத்துக்குத் திரும்பி, தம் விரல்களுக்குப் பொருந்துகிற கருவிகளின் உதவியால் கண்புரை அறுவைச் சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்தார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைச் சிகிச்சைகள் ஒரு லக்ஷத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்து, கிராமம் கிராமமாகச் சென்று கண் முகாம்களை நடத்தி, 1973-இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்ற பிறகு, 1976-இல் அரசாங்க விதிப்படி அவர் ஓய்வு பெற்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் அது நிறைவான ஜீவியம் என்றே உலகம் போற்றியிருக்கும். விவாகம் செய்துகொள்ளாதவர், உடம்பிலோ தீராத வியாதி, கையிலோ பெரிய மூலதனம் இல்லை. அந்த நிலையில், அதே 1976-ஆம் வருஷத்தில், தம் சகோதரியையும் மைத்துனரையும் மற்றக் குடும்பத்தாரையும் துணையாகக் கொண்டு, பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் அவர் தொடங்கினார். அவற்றில் ஆறு, பணம் கொடுக்க இயலாதவர்களுக்கு. ஐந்து, கொடுக்கக் கூடியவர்களுக்கு. கொடுக்கக் கூடியவர்களிடமிருந்து வருகிற வருமானத்தைக் கொண்டே கொடுக்க இயலாதவர்களுக்கும் சிகிச்சை செய்வது என்ற முறை அந்தப் பதினொரு படுக்கைகளிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. கண்ணுக்குள் பொருத்துகிற செயற்கை லென்சுகள் வெளிநாட்டிலிருந்து வந்தமையால் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அவற்றை மதுரையிலேயே செய்வதற்கென்று ஆரோலேப் என்ற தொழிற்சாலை 1992-இல் தொடங்கப்பட்டது. லென்சின் விலை முன்பு இருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. மதுரை லென்சு பல தேசங்களுக்கும் சென்றது. அப்போது டாக்டர் வெங்கடசாமிக்கு எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு வயது. 2006-ஆம் வருஷம் ஜூலை 7-ஆம் தேதி, எண்பத்தேழாம் வயதில் அவர் காலமானபோது, பதினொரு படுக்கைகளில் தொடங்கிய ஸ்தாபனம் உலகத்திலுள்ள மிகப் பெரிய கண் மருத்துவ நிலையங்களில் ஒன்றாக விருத்தியடைந்திருந்தது.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்கிற அம்சம் ஒன்று உண்டு. கண்புரை பெரும்பாலும் முதுமையில் வருகிற நோய். பார்வை மங்கிய கிழவர் ஒருவர் கிராமத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், அவரால் மாட்டைப் பிடித்துக் கட்ட முடியாது, வரப்பில் நடக்க முடியாது, தாமே சோறு போட்டு உண்ணவும் முடியாது. சிறிது காலத்தில் வீட்டாருக்குத் தாம் பாரமாகிவிட்டதாக அவரே எண்ணத் தொடங்குகிறார். புரையை நீக்கிக் கட்டை அவிழ்த்த மறுவாரமே அவர் வயலுக்குப் போகிறார். அதாவது, வேலை செய்தது போதும் என்று அரசாங்கம் ஓய்வு கொடுத்த ஒரு முதியவர், தம்மை ஒத்த லக்ஷக்கணக்கான முதியவர்களுக்கு வேலை செய்யும் சக்தியைத் திருப்பிக் கொடுப்பதையே தம்முடைய முதுமைக் காலத் தொழிலாகக் கொண்டார்.

இத்தகைய தொழில் ஒருவருக்கு அறுபதாம் வயதில் திடீரென்று வாய்த்துவிடுவதில்லை. அரவிந்த் மருத்துவமனை 1976-இல் பிறந்தது என்று சொன்னாலும், அதற்கு வேண்டிய அனுபவம் அதற்கு முந்திய இருபது வருஷங்களில் நடந்த கண் முகாம்களில் சேர்ந்தது. நாற்றங்காலில் நாற்று வளர்ந்திருந்தால்தான் பருவம் வந்தவுடன் நடவு நடக்கும். நடுவயது என்பது அந்த நாற்றங்கால். குடும்பச் சுமையும் உத்தியோகச் சுமையும் ஒன்றாக அழுத்துகிற நாற்பதுகளில், தனக்கென்று ஒரு காரியத்துக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தச் சுமைகளுக்கு இடையிலேயே நேரத்தைத் தேடிக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஐராவதம் மகாதேவன் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1930-இல் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, கோப்புகளுக்கு நடுவே நாள் முழுவதும் உழைத்த அந்த அதிகாரி, முப்பத்தைந்து வயதிலேயே தமிழ் பிராமி எழுத்துக்களில் மனத்தைச் செலுத்திவிட்டார். புகளூர்க் கல்வெட்டைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1960-களில் வெளிவந்தது. சிந்துவெளி எழுத்துக்களுக்கு அவர் தொகுத்த அடைவு நூல் 1977-இல் வந்தது. 1980-இல் தாமே விரும்பி ஓய்வு பெற்றார். இடையில் தினமணியின் ஆசிரியராக நான்கு வருஷங்கள் பணி புரிந்தார். முற்காலத் தமிழ்க் கல்வெட்டுக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 2003-இல் வெளிவந்தபோது அவருக்கு எழுபத்து மூன்றாம் வயது. கோடை வெயிலில் குன்றேறிக் குகைகளில் உள்ள எழுத்துக்களைப் படியெடுத்துச் சரிபார்த்த பிரயத்தனம் அந்த நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. நாற்பது வருஷத்துக்கு முன் போட்ட வித்து அது.

இந்த வரிசையில் எவரை விட்டாலும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரை விட முடியாது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அதன்பின் பதினொரு வருஷங்களுக்குள் வெளிவந்துவிட்டன. அவருடைய புகழுக்கு அவையே போதும். ஆனால் 1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அது ஒரு முழு ஆயுளின் உழைப்புக்கு ஈடாகும். பெருங்கதை 1924-இல் வெளிவந்தது. அதே வருஷத்தில் சிதம்பரம் மீனாக்ஷி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராகி மூன்று வருஷங்கள் அதை நடத்தினார். தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1930-களில், எழுபத்தைந்து வயதுக்கு மேல், இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். குறுந்தொகைக்குத் தாமே உரை வகுத்து 1937-இல் பதிப்பித்தபோது அவருக்கு எண்பத்திரண்டு வயது.

அதற்குப் பிறகும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1940-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" வாரந்தோறும் வெளிவரத் தொடங்கியது. எண்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தவர் தம் இளமைக் காலத்தை நினைவிலிருந்து எடுத்து எழுதிய அந்த அத்தியாயங்களில், தேர்ந்த பண்டிதருடைய இலக்கண நடையைவிட, ஊர்களையும் மனிதர்களையும் சாப்பாட்டையும் சங்கீதத்தையும் அருகிலிருந்து பார்ப்பது போலச் சொல்லுகிற எளிய வசன நடையே மேலோங்கி நிற்கிறது. இந்த நடை அவருடைய முதுமையில்தான் முழுமை பெற்றது என்று நான் உறுதியாகச் சொல்லுவேன். வயது முதிர முதிர ஞாபகம் குறைகிறது என்பதை மட்டும் நாம் ஓயாமல் சொல்லுகிறோம்; எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று தெரிந்தெடுக்கிற விவேகம் வளர்கிறது என்பதை ஏனோ சொல்லுவதில்லை. யுத்த காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி அவர் காலமானார். அந்தச் சரித்திரம் முடிவு பெறாமலே நின்றது.

இவர்கள் எல்லோரும் அசாதாரணமானவர்கள், சாமானியர்களுக்கு இது பொருந்துமா என்ற ஆக்ஷேபம் எழும். சாமானியர்களுக்கு ஒரு மருத்துவமனையோ ஒரு பதிப்பு நூலோ வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைக் கடந்த பின்பும் இயற்கை முறையில் பயிர் செய்து, 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானார். கல்லூரிப் படிப்பும் பதவியும் இல்லாத அவர் தமக்குத் தெரிந்த உழவுத் தொழிலை விடாமல் செய்தார், அவ்வளவே.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு 60 வயதில் ஓய்வு என்பது கிடையாது. மகனும் மருமகளும் உத்தியோகத்துக்குப் போகிற வீடுகளில், பேரக் குழந்தையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டிதான். அந்த உழைப்பைக் குடும்பம் உழைப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது பெரிய அநியாயம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண், இத்தனை நாளும் ஒத்திப்போட்ட சங்கீதத்தையோ படிப்பையோ பொதுக் காரியத்தையோ இனியாவது மேற்கொள்ள நினைத்தால், கணவரும் மக்களும் அவருக்கு நாளில் இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது தர்மம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நாள் முதல் மனத்தில் வளர்த்துவந்த எண்ணம், 1954-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அவருடைய அறுபத்தேழாம் வயதுக்குப் பிறகு, பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. சட்டசபைப் பணியும் அவ்வை இல்லமும் அவருக்கு முன்பே பெரும் புகழைத் தந்திருந்தன. அந்தப் புகழோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அங்கே 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் தொண்ணூற்று மூன்றாம் வயதில் காலமாகும் வரையில் அந்த மருத்துவமனையையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார்.

உடம்பு ஒத்துழைக்க வேண்டாமா என்பார்கள். ஒத்துழைக்கத்தான் வேண்டும், ஆனால் உடம்பும் நாம் நினைப்பதைவிட விசுவாசமுள்ளது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்; பயிற்சியை முடித்தவர்களுடைய கால் தசைகளின் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்ததாக 1990-இல் வெளியான அந்த ஆராய்ச்சி கூறுகிறது. மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. ஒகையோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரிடம், முதுமையைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று 1975-இல் கேட்டு வைத்திருந்த பதில்களை, பிற்காலத்தில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெக்கா லெவி என்பவர் அவர்களுடைய ஆயுளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தங்கள் முதுமையை நல்ல விதமாக எண்ணியவர்கள், மற்றவர்களைக் காட்டிலும் சராசரி ஏழரை வருஷம் அதிகமாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, வசதி, தனிமை முதலியவற்றுக்கு இடங்கொடுத்துக் கணக்கிட்ட பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. இது 2002-இல் வெளிவந்த முடிவு. "நமக்கு வயசாச்சு, இனிமேல் என்ன?" என்று நாள்தோறும் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிற வார்த்தையின் தீங்கை இதனால் ஊகித்துக்கொள்ளலாம். வெள்ளெழுத்து வந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். காது மந்தித்தால் கூசாமல் காதுக் கருவி வைத்துக்கொள்ள வேண்டும். தினந்தோறும் நடக்க வேண்டும். இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிற ஒரு பெருங்கூட்டம் உண்டு. எழுபது வயதிலும் களை பறிக்கிற கூலிப் பெண்ணுக்கும், தெருவோரத்தில் பூ விற்கிற அம்மாளுக்கும், இரவுக் காவல் பார்க்கிற முதியவருக்கும் உழைப்பைப் பற்றி உபதேசம் செய்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அப்போதே அவர்கள் முக்கால் கோடிப் பேர். ஆதரவற்ற முதியோருக்கு அரசாங்கம் அளிக்கிற உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்த உயர்வை வரவேற்கிறேன். ஆனால் இந்த விலைவாசியில் அதைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்கி ஒரு மாதத்தைத் தள்ள முடியாது. அதை இன்னும் உயர்த்த வேண்டியது அரசாங்கத்தின் கடமை. படுக்கையில் விழுந்துவிட்ட முதியவரையும், நினைவு தப்பிய முதியவரையும், அவரால் என்ன பயன் என்று அளந்து பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. உழைக்க வலிமையும் வசதியும் உள்ளவர்களைக் குறித்தே நான் உழைப்பைப் பற்றிப் பேசுகிறேன். அவர்களுக்குத்தான் அதில் கடமையும் இருக்கிறது.

நாற்பத்தைந்து வயதில் இதைப் படிக்கிற அன்பர்களே, சேமநல நிதியின் கணக்கைப் பார்க்கிற அதே கவனத்தோடு, ஓய்வுக்குப் பின் நீங்கள் செய்யப்போகிற காரியம் ஒன்றையும் இப்போதே தேர்ந்தெடுத்து, வாரத்தில் சில மணி நேரமாவது அதற்கு ஒதுக்கத் தொடங்குங்கள். அறுபதைக் கடந்துவிட்டவர்கள் காலம் போய்விட்டதென்று எண்ண வேண்டாம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆள் போதவில்லை. உங்கள் குலத்தின் பழைய பத்திரங்களும் ஏடுகளும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. இந்த வாரத்திலேயே ஒரு நாள் அந்தப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ நேரில் சென்று, உங்களால் ஆகிற வேலை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.